பதினாறு வயதுத் தடை: சமூக ஊடகம் மனதை என்ன செய்கிறது?

2025 டிசம்பர் 10 முதல் ஆஸ்திரேலியாவில் 16 வயது நிரம்பாதவர்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், ஸ்னாப்சாட், யூடியூப், எக்ஸ் உள்ளிட்ட தளங்களில் கணக்கு வைத்திருக்க முடியாது. அதே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அதுபோன்ற சட்டம் ஒன்றை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்று ஒரு பொதுநல வழக்கில் கூறியது.

அன்று சூடுபிடித்த விவாதம் எளிதில் ஓயக்கூடியதில்லை. ‘கைப்பேசி ஒரு தலைமுறையையே நோயாளியாக்கிவிட்டது, ஆய்வுகள் நிரூபித்துவிட்டன’ என்கிறது ஒரு தரப்பு. ‘எந்த ஆய்வும் எதையும் நிரூபிக்கவில்லை, தொலைக்காட்சி வந்தபோதும் இப்படித்தான் பதறினோம்’ என்கிறது மறுதரப்பு. இரு தரப்பும் பெரிய பல்கலைக்கழகங்களின் ஆய்வுகளையே சான்றாகக் காட்டுகின்றன. செய்தி படிப்பவர் குழம்புவதில் வியப்பில்லை. இந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. வேறு வேறு கேள்விகளுக்கு விடை சொல்கின்றன. எது எந்தக் கேள்விக்கு என்று பிரித்துவிட்டால், சட்டம் சரியான இடத்தில் கை வைக்கிறதா என்பதும் புலப்படும்.

முதலில் சொற்கள்

‘மனநலம்’ என்று செய்தியில் வரும் ஒரே சொல்லுக்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, மருத்துவர் பரிசோதித்துக் கண்டறியும் நோய்கள்: மனச்சோர்வு நோய், பதற்ற நோய், உணவுக் கோளாறுகள். மற்றது, நோய் என்று சொல்ல முடியாத அன்றாட மனநிலை: வாழ்க்கையில் திருப்தி, தனிமை உணர்வு, எரிச்சல், உற்சாகம். இரண்டாவதை ஆய்வாளர்கள் நல்வாழ்வு என்று தனியே அளக்கிறார்கள். ‘இந்த வாரம் மகிழ்ச்சியாக இருந்தீர்களா’ என்று கேட்டுப் பெற்ற மதிப்பெண் சற்றே இறங்கியதை ‘மனநோய் பெருகுகிறது’ என்று தலைப்பிட்டுவிட்டால் பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

சமூக ஊடகமும் ஒரே பொருள் அன்று. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் பெண் ஒருத்தி இரவில் வாட்ஸ்அப்பில் அம்மாவோடு பேசுகிறாள். பிறகு முன்பின் தெரியாதவர்களின் ரீல்ஸை ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டே போகிறாள். இடையில் அறிமுகமில்லாத ஒருவனிடமிருந்து ஆபாசச் செய்தி வருகிறது. திரை நேரம் என்ற கணக்கில் மூன்றும் ஒரே கூட்டுத்தொகை. பல ஆய்வுகள் அந்தத் தொகையையும் பயனரிடமே கேட்டு எழுதிக்கொண்டவை. எவ்வளவு நேரம் பார்த்தோம் என்று நினைவிலிருந்து சொல்பவர்கள் பெரும்பாலும் தவறாகவே சொல்கிறார்கள்.

நான்கு கேள்விகள், நான்கு விடைகள்

1. அதிகம் பார்ப்பவர்கள் அதிகம் வாடியிருக்கிறார்களா?

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்பெனும் ஆண்ட்ரூ பிரிசிபில்ஸ்கியும் 2019இல் வெளியிட்ட ஆய்வு 3,55,358 வளரிளம் பருவத்தினரின் தரவுகளை அலசியது. அவர்களது நல்வாழ்வில் ஒருவருக்கொருவர் காணப்பட்ட வேறுபாட்டில், டிஜிட்டல் கருவிகளின் பயன்பாட்டைக் கொண்டு விளக்க முடிந்தது அதிகபட்சம் 0.4 சதவீதம். அதே தரவில், அடிக்கடி உருளைக்கிழங்கு சாப்பிடுவதற்கும் நல்வாழ்வுக்கும் ஏறக்குறைய அதே அளவு எதிர்மறைத் தொடர்பு தெரிந்தது. செய்தியாளர்களுக்கு உருளைக்கிழங்கு பிடித்துப்போய்விட்டது. ‘சமூக ஊடகம் தீங்கற்றது’ என்ற பொருளில் உலகம் முழுக்க எழுதினார்கள்.

அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. தொலைக்காட்சி, கணினி விளையாட்டு, சமூக ஊடகம் எல்லாம் அதில் கலந்திருந்தன. சமூக ஊடகத்தையும் பெண் பிள்ளைகளையும் மட்டும் தனியே எடுத்தால் தொடர்பு வலுவாகத் தெரிகிறது என்பது ஜோனதன் ஹைட், ஜீன் ட்வெங்கி போன்ற உளவியலாளர்களின் வாதம். இதற்கு எதிரணியில் இருக்கும் உளவியலாளர் கேண்டிஸ் ஆட்ஜர்ஸ் இன்னொரு ஐயத்தை எழுப்புகிறார்: ஏற்கெனவே மனம் சோர்ந்திருக்கும் பிள்ளைதான் கைப்பேசிக்குள் அதிகம் ஒதுங்குகிறதோ? ஒரே நாளில் எடுத்த கணக்கெடுப்பால் இதற்கு விடை சொல்ல முடியாது. இரண்டு விஷயங்கள் சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்று மற்றொன்றை உண்டாக்குவது வேறு.

2. சமூக ஊடகம் வந்ததால் மனநலம் இறங்கியதா?

இதற்கு வரலாறே ஒரு சோதனையை நடத்திக் கொடுத்தது. ஃபேஸ்புக் 2004 பிப்ரவரியில் ஹார்வர்டில் மட்டும் தொடங்கி, பிறகு ஒவ்வொரு கல்லூரியாகத் திறக்கப்பட்டு, 2006 செப்டம்பரில்தான் பொதுமக்களுக்கு வந்தது. எந்தக் கல்லூரிக்கு எப்போது வந்தது என்ற தேதிகளை, அந்தக் கல்லூரிகளில் முன்பும் பின்பும் எடுக்கப்பட்ட மாணவர் உடல்நலக் கணக்கெடுப்போடு பொருத்திப் பார்த்தார்கள் லூகா பிராகியேரி, ரோயி லெவி, அலெக்ஸி மகாரின் என்ற மூன்று பொருளியலாளர்கள். 2022இல் வெளியான முடிவு: ஃபேஸ்புக் நுழைந்த கல்லூரிகளில் மாணவர்களின் மனநலம் இறங்கியது. வேலையிழப்பு மனநலத்தில் உண்டாக்கும் பாதிப்பில் அது சுமார் 22 சதவீதம்.

இந்த ஆய்வின் காலத்தைக் கவனிக்க வேண்டும். 2004க்கும் 2006க்கும் இடையில் ஃபேஸ்புக்கில் லைக் பொத்தான் கிடையாது; அது 2009இல் வந்தது. பதிவுகள் தாமாக வந்து குவியும் முகப்பும் 2006 செப்டம்பரில்தான் வந்தது. ஸ்மார்ட்போனும் பரவலாக இல்லை. இன்று நாம் குற்றவாளிகளாக நிறுத்தும் அத்தனையும் வருவதற்கு முன்பே பாதிப்பு தெரிந்துவிட்டது. சக மாணவரின் படங்களை எடுத்துப் பார்க்க முடிந்ததே போதுமானதாக இருந்திருக்கிறது.

3. விட்டுவிட்டால் நலமாகுமா?

2018இல் அமெரிக்கத் தேர்தலுக்கு முன், பணம் கொடுத்துச் சிலரை நான்கு வாரம் ஃபேஸ்புக்கை முடக்கச் சொன்னது ஹன்ட் ஆல்காட், மேத்யூ ஜென்ட்ஸ்கோ உள்ளிட்ட பொருளியலாளர்களின் குழு. நாளுக்குச் சுமார் ஒரு மணி நேரம் மிச்சமானது. அந்த நேரத்தில் அவர்கள் குடும்பத்தோடும் நண்பர்களோடும் பேசினார்கள், தனியாகத் தொலைக்காட்சியும் பார்த்தார்கள். நல்வாழ்வு மதிப்பெண் 0.09 திட்டவிலக்கம் உயர்ந்தது. இதைச் சாதாரணக் கணக்கில் சொன்னால், நூறு பேர் வரிசையில் நட்டநடுவே நிற்கும் ஒருவர் மூன்று அல்லது நான்கு இடம் முன்னேறுவார். நாட்டு நடப்பு பற்றிய அறிவு மட்டும் குறைந்தது.

2020 தேர்தலுக்கு முன் 35,000 பேருக்கு மேல் சேர்த்து ஆறு வாரம் நடத்திய அடுத்த சோதனையில் உயர்வு இன்னும் சிறியது: ஃபேஸ்புக்கை விட்டவர்களுக்கு 0.06, இன்ஸ்டாகிராமை விட்டவர்களுக்கு 0.04. இன்ஸ்டாகிராமில் கிடைத்த பலன் பெரும்பாலும் 18 முதல் 24 வயதுப் பெண்களிடமே தெரிந்தது. இரண்டு சோதனைகளிலும் கலந்துகொண்டவர்கள் வயது வந்தவர்கள். சட்டமோ சிறுவர்களுக்கு. இந்த இடைவெளியை விவாதிப்பவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

4. எல்லோருக்கும் ஒரே விளைவா?

நெதர்லாந்தில் வளரிளம் பருவத்தினர் 63 பேரிடம் ஒரு வாரம், நாளுக்கு ஆறு முறை மனநிலையைக் கேட்டுப் பதிவு செய்தார்கள். எதுவும் எழுதாமல் பிறர் பதிவுகளை வெறுமனே பார்த்த பிறகு 46 சதவீதத்தினர் முன்பைவிட நன்றாக உணர்ந்தார்கள். 44 சதவீதத்தினருக்கு மாற்றமில்லை. 10 சதவீதத்தினருக்கு மனம் தாழ்ந்தது. சிறிய ஆய்வுதான். ஆனால் முதல் மூன்று கேள்விகளின் முடிவுகளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதற்கு இதுவே திறவுகோல்.

சராசரிக்குள் மறைந்திருப்பது

பத்தில் ஒரு பிள்ளைக்குப் பெரிய தீங்கும் நான்கைந்து பேருக்குச் சிறு நன்மையும் நடந்தால், சராசரி ஏறக்குறைய பூஜ்ஜியமாகத்தான் வரும். அந்தப் பூஜ்ஜியத்தைக் காட்டி ‘தீங்கில்லை’ என்று சொல்பவருக்கும், பத்தில் ஒருவரைக் காட்டி ‘தலைமுறையே போயிற்று’ என்று சொல்பவருக்கும் ஒரே தரவு போதும். ஒரு வகுப்பில் நாற்பது பேர் என்றால் நான்கு பேர். தமிழ்நாட்டுப் பள்ளிகள் அனைத்திலும் கணக்கிட்டால் சிறிய எண்ணிக்கையாகாது.

அந்த நான்கு பேர் யார் என்பதும் வயதைப் பொறுத்து மாறுகிறது. பிரிட்டனில் 84,000 பேரின் தரவைக் கொண்டு ஆர்பென் குழு 2022இல் வெளியிட்ட ஆய்வின்படி, பெண் பிள்ளைகளுக்கு 11 முதல் 13 வயதும், ஆண் பிள்ளைகளுக்கு 14, 15 வயதும், இருபாலாருக்கும் 19 வயதும் பாதிப்புக்கு எளிதில் இலக்காகும் காலங்கள். முதல் இரண்டு, பருவமடைதலோடு ஒட்டியவை. 19 வயதுக்கு உறுதியான விளக்கம் இல்லை. வீட்டை விட்டுக் கல்லூரிக்கோ வேலைக்கோ போகும் காலமாக இருக்கலாம் என்பது ஊகம்.

மனதுக்குள் நடப்பது

*ஒப்பீடு.* தன்னை மதிப்பிட மனிதன் பக்கத்தில் இருப்பவனைப் பார்க்கிறான் என்று 1954இல் உளவியலாளர் லியோன் ஃபெஸ்டிங்கர் எழுதினார். பக்கத்தில் என்பதன் எல்லையைச் சமூக ஊடகம் உடைத்துவிட்டது. பிளஸ் 2 தேர்வு முடிவு வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். 600க்கு 512 வாங்கிய மாணவி காலை பத்து மணிக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறாள். தெருவில் எல்லோருக்கும் சாக்லேட் கொடுக்கிறாள். பதினோரு மணிக்கு ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறக்கிறாள். 570, 583, 591, கேக், மாலை, பள்ளித் தாளாளருடன் படம். 450 வாங்கியவர்கள் ஸ்டேட்டஸ் வைக்கவில்லை. அவள் முன்னால் இருப்பது வகுப்பின் உண்மையான மதிப்பெண் பட்டியல் அன்று, அதன் மேல்பகுதி மட்டும். அது அவளுக்கு அறிவில் தெரியும். தெரிந்தும் மதியச் சோறு இறங்குவதில்லை.

உடல் தோற்றத்தில் இதன் வீச்சு இன்னும் கூர்மை. ஃபேஸ்புக்கின் முன்னாள் ஊழியர் பிரான்சிஸ் ஹாகன் வெளிக்கொணர்ந்த உள் ஆவணங்கள் 2021இல் வெளியாயின. தங்கள் உடலைப் பற்றி ஏற்கெனவே மனக்குறை கொண்டிருந்த வளரிளம் பெண்களில் 32 சதவீதத்தினர், இன்ஸ்டாகிராம் அதை மோசமாக்கியதாகக் கூறியிருந்தார்கள். இது அவர்களே சொன்னது, சோதனையில் நிறுவியது அன்று. ஆனாலும் நிறுவனத்துக்கு இது தெரிந்தே இருந்தது.

*நிச்சயமில்லாத பரிசு.* ஒவ்வொரு முறையும் கிடைக்கும் பரிசைவிட, எப்போது கிடைக்கும் என்று தெரியாத பரிசுக்காக உயிரினங்கள் விடாமல் முயலும் என்பதை உளவியலாளர் பி.எஃப். ஸ்கின்னர் காட்டினார். அடுத்த ரீல் சிரிக்க வைக்குமா, சலிப்பூட்டுமா என்று தெரியாததே தள்ள வைக்கிறது. பக்கத்துக்கு முடிவே இல்லாத வடிவமைப்பு, நிறுத்த வேண்டிய இடத்தையும் எடுத்துவிட்டது. இதை ‘டோபமைன் போதை’ என்று பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. எதிர்பாராத நன்மை கிடைக்கும்போதெல்லாம் டோபமைன் என்ற வேதிப்பொருள் மூளையில் செய்யும் வேலை அது. நல்ல காப்பிக்கும் நடக்கும். அந்தச் சொல் எதையும் விளக்குவதில்லை, அச்சத்தைத்தான் கூட்டுகிறது.

*தூக்கம்.* இதில் சர்ச்சை குறைவு. நள்ளிரவில் கைப்பேசி பார்த்தால் தூக்கம் போகும்; தூக்கம் போனால் மறுநாள் மனம் கெடும்.

*தேர்ந்தெடுக்கும் அல்காரிதம்.* எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் நிரலுக்கு லைக் தேவையில்லை. விரல் எங்கே நின்றது, எத்தனை நொடி நின்றது, எதைத் திரும்பப் பார்த்தார் என்பது போதும். துயரத்தில் இருக்கும் பிள்ளை துயரமான பதிவில் சற்று நின்றுவிடும். அடுத்த நாள் அதுபோன்றவை இன்னும் வரும். தன்னைத்தானே காயப்படுத்திக்கொண்டு 2017இல் உயிரிழந்த 14 வயது லண்டன் சிறுமியின் மரண விசாரணை 2022இல் முடிந்தபோது, இணையத்தில் அவள் பார்த்தவை அந்த மரணத்துக்கு ஓரளவு பங்களித்தன என்று விசாரணை அதிகாரி பதிவு செய்தார். கடைசி ஆறு மாதத்தில் அவள் இன்ஸ்டாகிராமில் சேமித்த, பகிர்ந்த, விரும்பிய 16,300 பதிவுகளில் 2,100 மனச்சோர்வு, தற்கொலை, சுயகாயம் தொடர்பானவை. அவளது திரை நேரத்தை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் தெரிந்திருக்காது.

மன உறுதி இருந்தால் போதாதா?

‘பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட வேண்டியதுதானே’ என்பது பெரியவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி. சிகாகோ பல்கலைக்கழகத்தின் லியோனார்டோ பர்ஸ்டின் குழு அமெரிக்க மாணவர்களிடம் இதையே பணத்தில் கேட்டுப் பார்த்தது.

1. நீங்கள் மட்டும் நான்கு வாரம் டிக்டாக்கை விட எவ்வளவு பணம் வேண்டும்? சராசரி விடை 59 டாலர். இன்ஸ்டாகிராமுக்கு 47.

2. உங்கள் கல்லூரியில் எல்லோரும் சேர்ந்து விடுவதாக இருந்தால்? மாணவர்கள் பணம் கேட்கவில்லை, கொடுக்க முன்வந்தார்கள். டிக்டாக்குக்கு 28 டாலர், இன்ஸ்டாகிராமுக்கு 10.

தெருக்கூத்தில் முன்வரிசைக்காரர் எழுந்து நின்றால் பின்னால் இருப்பவர்கள் அத்தனை பேரும் எழத்தான் வேண்டும். எல்லோருக்கும் கால் வலிக்கும், யாரும் தனியாக உட்கார முடியாது. வகுப்புக் குழு, டியூஷன் அறிவிப்பு, தோழிகளின் கேலி எல்லாம் ஒரே தளத்தில் நடக்கும்போது வெளியேறும் ஒரு பிள்ளைக்கு நிம்மதி கிடைப்பதில்லை, தனிமைதான் கிடைக்கிறது. ஒரு வீடு மட்டும் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பது ஏன் சண்டையில் முடிகிறது என்பதற்கு இதுவே காரணம். எல்லோருக்கும் ஒரே நாளில் பொருந்தும் சட்டம் என்ற யோசனைக்கு வலுவான வாதமும் இதுதான். மனநோய்ப் புள்ளிவிவரங்களைவிட இந்த வாதத்தைத்தான் ஆதரவாளர்கள் முன்வைக்க வேண்டும்.

ஆஸ்திரேலியச் சட்டம் தொடுவதும் தொடாததும்

சட்டம் நிறுவனங்களை நோக்கியது. சிறுவர்கள் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்க நியாயமான நடவடிக்கை எடுக்கத் தவறும் நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரை அபராதம். பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. இது நல்ல அமைப்பு. குறைகள் வேறிடத்தில் இருக்கின்றன.

1. தடை கணக்குக்குத்தான், பார்ப்பதற்கு அன்று. கணக்கில்லாமல் யூடியூப் பார்க்கலாம். அப்போது சிறுவர் கணக்குகளுக்கு உரிய கட்டுப்பாடுகளும் இருக்காது.

2. சட்டம் தொடங்கியபோது வாட்ஸ்அப், டிஸ்கார்ட் போன்ற செய்திச் செயலிகளும் ரோப்ளாக்ஸ் போன்ற விளையாட்டுத் தளங்களும் பட்டியலில் இல்லை. கேலியும் மிரட்டலும் பெருமளவு நடப்பது குழுச் செய்திகளில்.

3. பதினாறாம் பிறந்தநாளன்று அதே அல்காரிதம், அதே முடிவில்லாப் பக்கம், முழுதாகக் கைக்கு வருகிறது. 19 வயதில் உள்ள பாதிப்புக் காலத்தைச் சட்டம் தொடுவதே இல்லை.

மதுரைக் கிளையின் வழக்கை இங்கே பொருத்திப் பாருங்கள். அது குழந்தைகளுக்கு ஆபாசப் படங்கள் எளிதில் கிடைப்பது பற்றியது. ஆபாசத் தளங்களைப் பார்க்கச் சமூக ஊடகக் கணக்கு தேவையில்லை. ஆஸ்திரேலியாவின் இந்தச் சட்டத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தாலும் மனுதாரரின் குறை அப்படியே இருக்கும்.

இந்தியாவில் ஏற்கெனவே இருப்பது

நம் நாட்டில் கணக்குத் தொடங்கும்போது பிறந்த ஆண்டைக் கேட்கும் திரையில் விரலால் சக்கரத்தை மேலும் இரண்டு சுற்று சுற்றிவிட்டால் ஏழாம் வகுப்புப் பையன் இருபது வயதுக்காரனாகிவிடுகிறான். பல வீடுகளில் அதுகூடத் தேவையில்லை. ஒரே கைப்பேசியில் அப்பாவின் கணக்கையே எல்லோரும் பார்க்கிறார்கள். வயதைச் சரிபார்க்க அடையாள ஆவணம் கேட்டால், பிள்ளைகளைக் காப்பதற்காகப் பெரியவர்கள் அனைவரின் ஆவணங்களையும் அதே நிறுவனங்களிடம் ஒப்படைக்க நேரிடும்.

சிகிச்சை தேவைப்படுபவர்களுக்கு வழிகள் உண்டு. பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2014 முதல் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. மத்திய அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416இல் தமிழிலும் பேசலாம். தூக்கம், சாப்பாடு, பள்ளி, நட்பு ஆகியவற்றில் எது வாரக்கணக்கில் குலைந்திருக்கிறது என்பதே மருத்துவர் கேட்கும் கேள்வி. எத்தனை மணி நேரம் பார்க்கிறான் என்பது அடுத்தது.

சட்டத்தில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்கு உட்பட்ட அனைவரையும் குழந்தை என்கிறது. அதன் 9ஆம் பிரிவு, பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலைக் கேட்பதோடு நிற்கவில்லை. குழந்தையின் நலனுக்குக் கேடு விளைவிக்கும் வகையில் தரவைக் கையாள்வது, குழந்தைகளைப் பின்தொடர்வது, அவர்களது நடத்தையைக் கண்காணிப்பது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வது எல்லாவற்றையும் தடை செய்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம். விரல் எத்தனை நொடி நின்றது என்று கணக்கெடுப்பது நடத்தைக் கண்காணிப்பு என்றால், ஆஸ்திரேலியச் சட்டம் தொடாத அல்காரிதத்தையே இந்தச் சட்டம் தொடுகிறது. பிள்ளையை வெளியே அனுப்பாமல், உள்ளே இருக்கும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்கிறது. புதிய தடைச் சட்டம் கேட்பவர்கள் முதலில் இதைக் கையில் எடுக்கலாம்.

இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வர வேண்டும். அதே 9ஆம் பிரிவில் ஒரு விலக்கும் இருக்கிறது. ஒரு நிறுவனம் குழந்தைகளின் தரவைப் பாதுகாப்பாகக் கையாள்கிறது என்று மத்திய அரசு திருப்தியடைந்தால், அந்த நிறுவனத்துக்கு மட்டும் 18க்குக் கீழே ஒரு வயதைக் குறித்து, அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் ஒப்புதல், கண்காணிப்புக் கட்டுப்பாடுகள் இரண்டையும் தளர்த்தலாம். அந்தத் தளர்வுக்கு எந்த வயதைக் குறிப்பார்கள், நிறுவனங்களிடம் என்ன சான்று கேட்பார்கள் என்பதைச் சட்டம் சொல்லவில்லை; அதை அறிவிக்கை மூலம் முடிவு செய்யும் அதிகாரம் மத்திய அரசிடம் இருக்கிறது.